அணு எண் தந்த ராணுவ அதிகாரி

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னை விடவில்லை. "சார், நாலு பக்கம் போதும், ஏதாவது எழுதிக் குடுங்க" என்று போன் மேல் போன். வேதியியல் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் தூளைச் சுவாசித்தவனிடம் வேறு என்ன இருக்கப் போகிறது? ஹாஸ்டல் சாம்பார், மரத்தடி அரட்டை, ஸ்ட்ரைக் நாட்கள் எல்லாம் முந்தைய மலர்களில் வந்துவிட்டன. நான் ஒரு பழைய கடனைத் தீர்க்க இந்தப் பக்கங்களைப் பயன்படுத்திக்கொள்கிறேன். அது ஒரு மாணவன் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் தர வேண்டிய பதில். அந்தக் கேள்வி 1915ல் செத்துப்போன ஒரு இளம் ராணுவ அதிகாரியைப் பற்றியது.

அவர் பெயர் ஹென்றி மோஸ்லி. வேதியியல் படித்தவர்களுக்கு 'மோஸ்லி விதி' ஞாபகம் இருக்கும். மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம், கதையோடு சேர்ந்தே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பில் நான் சொன்னது

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வகுப்பில் தனிம வரிசை அட்டவணை நடத்தும்போதெல்லாம் மோஸ்லி பாடத்தை ஒரே மாதிரிதான் முடிப்பேன். "இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் செய்த மனுஷன் 27 வயசுல போருக்குப் போய் குண்டடிபட்டுச் செத்தார். லேப்லேயே இருந்திருக்க வேண்டியவர். வீணாப் போன சாவு. சரி, அடுத்த பாடம்." டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்துவிடுவேன்.

1988ல் ஒரு நாள், கடைசி பெஞ்சிலிருந்து என்.சி.சி. மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், அவரை யாரும் கட்டாயப்படுத்தினாங்களா, இல்ல அவரே போனாரா?" என்றான். "அவரேதான் போனார்" என்றேன். "அப்ப ஏன் சார் வீண்ங்கிறீங்க?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "உட்காருப்பா, பரீட்சைக்கு அது வராது" என்றேன்.

பதில் தெரியாத வாத்தியார் சொல்லும் பதில் அது. இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

யார் இந்த மோஸ்லி?

1887 நவம்பர் 23ஆம் தேதி இங்கிலாந்தின் வேமவுத் என்ற கடலோர ஊரில் பிறந்தார். ஒரு மாதம்கூடக் கழியவில்லை, டிசம்பர் 22ஆம் தேதி நம் ஈரோட்டில் ஒரு குழந்தை பிறந்தது. அதுதான் கணிதமேதை ராமானுஜன். இருவரும் ஒரே செட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோஸ்லியின் குடும்பம் படிப்பாளிக் குடும்பம். அப்பா 'சேலஞ்சர்' என்ற புகழ்பெற்ற கடலாய்வுக் கப்பலில் உலகம் சுற்றிய இயற்கை அறிவியலாளர், பிறகு ஆக்ஸ்போர்டில் பேராசிரியர். மகனுக்கு நான்கு வயது நிறையும் முன்பே அவர் காலமானார். அம்மா அமபெல்தான் வளர்த்தார். ஈட்டன் பள்ளி, அப்புறம் ஆக்ஸ்போர்டின் டிரினிட்டி கல்லூரி. 1910ல் இயற்பியல் பட்டம் வாங்கியபோது கிடைத்தது இரண்டாம் வகுப்பு! இன்றைய மாணவர்கள் இந்த வரியை அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம். முதல் வகுப்பு வாங்காத பையன்தான் நான்கே வருஷத்தில் உலகத்துக்கே பாடம் எடுத்தான்.

பட்டம் வாங்கியதும் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டிடம் போய்ச் சேர்ந்தார். அணுவுக்கு நடுவில் உட்கரு இருக்கிறது என்று 1911ல் சொன்ன அதே ரூதர்ஃபோர்டு. அங்கே மோஸ்லியின் கூட்டாளி சார்லஸ் கால்ட்டன் டார்வின், பரிணாமக் கொள்கை தந்த டார்வினின் பேரன். மோஸ்லியைப் போல உழைத்தவரைத் தான் பார்த்ததில்லை என்று பிற்காலத்தில் இந்த டார்வின் சொன்னார். மான்செஸ்டரில் விடியற்காலை மூன்று மணிக்கு எங்கே சாப்பாடு கிடைக்கும் என்பது மோஸ்லிக்கு அத்துப்படியாம். ராத்திரி இரண்டாவது ஷோ முடிந்து புரோட்டா கடை தேடிய நம் ஹாஸ்டல்வாசிகளுக்கும் அது அத்துப்படிதான். வித்தியாசம் என்னவென்றால், அவர் லேப் முடிந்து போனார்!

ரோல் நம்பர் கதை

1869ல் மெண்டலீவ் தனிமங்களை அணு எடைப்படி வரிசையாக நிறுத்தினார். பெரும்பாலும் சரியாக வந்தது. சில இடங்களில் மட்டும் உதைத்தது. கோபால்ட்டின் அணு எடை 58.93, நிக்கலின் எடை 58.69. எடைப்படி நிக்கல்தான் முன்னால் நிற்க வேண்டும், ஆனால் குணத்தைப் பார்த்தால் கோபால்ட்தான் முன்னால் வர வேண்டும். ஆர்கான் பொட்டாசியம், டெல்லூரியம் அயோடின் ஜோடிகளிலும் இதே தகராறு. அது தவிர, நடுவில் இன்னும் எத்தனை தனிமம் ஒளிந்திருக்கிறது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை.

நம் வகுப்பில் பையன்களை உயரப்படி நிற்கவைத்தால், யாராவது லீவு போட்டிருப்பது தெரியுமா? தெரியாது. ரோல் நம்பர்படி நிற்கவைத்தால் விட்டுப்போன நம்பர் பளிச்சென்று தெரிந்துவிடும். மோஸ்லி செய்தது அதைத்தான். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் ரோல் நம்பரைச் சோதனை செய்து கண்டுபிடித்தார்.

எப்படி? காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் பொம்மை ரயில் மாதிரி ஒரு சின்ன வண்டி. அதன்மேல் வரிசையாகத் தனிமத் துண்டுகள். தூண்டில் போடும் பட்டு நூலைக் கட்டி வண்டியை முன்னும் பின்னும் இழுப்பார். ஒவ்வொரு துண்டின்மீதும் எலக்ட்ரான் கற்றை விழும்போது அந்தத் தனிமத்துக்கே உரிய எக்ஸ் கதிர் வெளிவரும். அதை ஒரு படிகத்தில் பட்டுத் திரும்பவைத்துப் புகைப்படத் தகட்டில் கோடுகளாகப் பதிவு செய்தார். 1913ல் கால்சியத்திலிருந்து துத்தநாகம் வரை எடுத்த படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் கோடுகள் படிக்கட்டு போல இறங்கின. அந்தக் கதிரின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால், ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்கு ஒரே அளவு கூடிக்கொண்டே போனது. கூடுவது அணுக்கருவின் மின்னூட்டம், ஒவ்வொன்றாக! அணு எண் என்பது வெறும் வரிசை எண் அல்ல, அணுவுக்குள்ளேயே இருக்கிற ஒரு நிஜமான அளவு என்று நிரூபணமாயிற்று. கோபால்ட் 27, நிக்கல் 28. தகராறு தீர்ந்தது.

1913 இறுதியில் ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பி, தங்கம் வரை அளந்து, 1914 ஏப்ரலில் இரண்டாவது கட்டுரையை வெளியிட்டார். அதே ஏப்ரலில்தான் ராமானுஜன் இங்கிலாந்தில் போய் இறங்கினார். 43, 61, 75 ஆகிய எண்களுக்கு உரிய தனிமங்கள் இனிமேல்தான் கிடைக்க வேண்டும் என்றது அந்தக் கட்டுரை. 72ஆம் எண்ணும் காலிதான் என்பது பின்னால் தெரிந்தது. பாரிஸிலிருந்து உர்பேன் என்ற நிபுணர் அருமண் தனிமங்களின் மாதிரிகளோடு ஆக்ஸ்போர்டு வந்தார். அவர் பல ஆண்டுகள் பாடுபட்டு ஆராய்ந்தவற்றை மோஸ்லி சில நாட்களில் அளந்து சொல்லிவிட்டார். வந்தவர் அசந்துபோனார்.

பின்னாளில் அந்த நான்கு காலியிடங்களும் நிரம்பின. 1923ல் ஹாஃப்னியம், 1925ல் ரேனியம், 1937ல் டெக்னீசியம், 1945ல் புரோமித்தியம். எதையும் பார்க்க அவர் இல்லை.

லேப் கோட்டிலிருந்து காக்கிக்கு

1914 கோடையில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் மாநாடு ஆஸ்திரேலியாவில். அம்மாவையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார் மோஸ்லி. போய்க்கொண்டிருக்கும்போதே ஆகஸ்ட் 4ஆம் தேதி பிரிட்டன் போரில் இறங்கியது. மாநாட்டில் பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டு அவசரமாக ஊர் திரும்பினார். ஆய்வகத்துக்குப் போகவில்லை, ராயல் எஞ்சினியர்ஸ் படையில் சேர முயன்றார். எடுத்த எடுப்பில் இடம் கிடைக்கவில்லை. விடாமல் முயன்று, அந்த ஆண்டு முடிவதற்குள் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். வீட்டாரும் ரூதர்ஃபோர்டும் வேறு விதமாக நினைத்தார்கள், அவர் கேட்கவில்லை. தன் வயதுக்காரர்கள் எல்லோரும் போகும்போது தான் மட்டும் ஒதுங்கி நிற்கக் கூடாது என்ற எண்ணம்.

அவருக்குக் கிடைத்தது சிக்னல் அதிகாரி வேலை. அதாவது படைத் தலைமைக்கும் முன்வரிசைக்கும் நடுவே தொலைபேசிக் கம்பி இழுத்து, செய்தி அறுபடாமல் பார்த்துக்கொள்வது. 13ஆவது டிவிஷன், 38ஆவது பிரிகேட். 1915 ஜூனில் கிழக்கே புறப்பட்டார்கள். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் வெயிலையும் ஈக்களையும் பற்றிப் புலம்பல்.

அந்த ஜூனிலேயே தன் கைப்பட உயில் எழுதினார். அம்மாவுக்குப் பிறகு சொத்து, கருவிகள் எல்லாம் லண்டன் ராயல் சொசைட்டிக்கு, சோதனை அறிவியலை வளர்ப்பதற்காக. ஒரு நிபந்தனையும் போட்டார். தூய கணிதத்துக்கோ வானியலுக்கோ, வெறுமனே பட்டியல் போடுகிற அறிவியலுக்கோ கொடுக்கக் கூடாதாம்! நம் ராமானுஜனுக்கு அதில் ஒரு பென்னி கிடைத்திருக்காது. சாவை எதிரில் வைத்துக்கொண்டும் இப்படிப் பிடிவாதமாக எழுதியவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

1915 ஆகஸ்ட் 10

துருக்கியின் கலிப்போலி தீபகற்பம். டார்டனெல்ஸ் நீரிணையைப் பிடித்து ரஷ்யாவுக்கு வழி திறக்க வேண்டும் என்று பிரிட்டனும் பிரான்சும் போட்ட திட்டம். ஏப்ரல் 25ஆம் தேதி தரையிறங்கியவர்கள் மாதக்கணக்கில் கரையை விட்டு நகர முடியவில்லை. ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, சாரி பெயர் என்ற மலைத்தொடரைப் பிடிக்கப் புதிதாகத் தாக்குதல் ஆரம்பித்தது. இருட்டு, செங்குத்துப் பள்ளத்தாக்கு, சரியான வரைபடம் கிடையாது. மோஸ்லியின் பிரிகேட் வழியில் தாமதப்பட்டு, சேர வேண்டிய நேரத்தில் இலக்கைச் சேரவில்லை. மலைச்சரிவில் 'பண்ணை' என்று அவர்கள் பெயர் வைத்த சிறு சமதளத்தில் மாட்டிக்கொண்டது.

10ஆம் தேதி விடியற்காலை, முஸ்தஃபா கெமால் தலைமையில் துருக்கியர்கள் உச்சியிலிருந்து அலை அலையாக இறங்கினார்கள். பண்ணையில் கைகலப்பு. பிரிகேட் தளபதி பால்ட்வின் கொல்லப்பட்டார். மோஸ்லி தொலைபேசியில் ஒரு ராணுவ உத்தரவைச் சொல்லிக்கொண்டிருந்தார். குண்டு தலையில் பாய்ந்தது. அவ்வளவுதான். வயது 27.

இந்தப் போரில் நம் ஆட்களும் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. முந்தின நாள் அதே மலைத்தொடரின் ஒரு சிகரத்தை எட்டிப்பிடித்தவர்கள் 6ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸ் வீரர்களும், அவர்களோடு சேர்ந்து ஏறிய தெற்கு லங்காஷைர் படையினரும். தங்கள் தரப்புப் பீரங்கிக் குண்டுகளே தலையில் விழுந்ததால் இறங்க வேண்டியதாயிற்று. 14ஆவது சீக்கியர் படை ஜூன் 4ஆம் தேதி ஒரே நாளில் தன் ஆட்களில் பெரும்பகுதியை இழந்தது. கோவேறு கழுதைகளில் தண்ணீரும் தோட்டாவும் சுமந்து அந்தச் சரிவுகளில் ஏறியவர்கள் இந்தியத் தொழிலாளிச் சிப்பாய்கள்.

இன்னொரு செய்தி. அந்தத் தெற்கு லங்காஷைர் பட்டாளத்தில் ஓர் அதிகாரிக்கு அப்போது கடுமையான வயிற்றுக்கடுப்பு. மால்ட்டா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் அவர் இந்தச் சண்டையில் இல்லை. அவர் பெயர் கிளமென்ட் அட்லி. 1947ல் இந்திய சுதந்திரச் சட்டம் நிறைவேறியபோது பிரிட்டனின் பிரதமர்! மோஸ்லியின் அதே 38ஆவது பிரிகேட்காரர். எதிர்ப்பக்கத்தில் முஸ்தஃபா கெமாலின் மார்பில் ஒரு வெடிகுண்டுச் சிதறல் பட்டது, சட்டைப்பையிலிருந்த கடிகாரம் காப்பாற்றியது. 1923ல் அவர் துருக்கிக் குடியரசின் முதல் அதிபர். ஒருவரை வயிற்றுக்கடுப்பு காப்பாற்றியது, ஒருவரைக் கடிகாரம் காப்பாற்றியது. மோஸ்லியைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

பிறகு

ரூதர்ஃபோர்டு கொதித்துப்போனார். 'நேச்சர்' இதழில் எழுதிய அஞ்சலியில், இப்படிப்பட்டவரை ஒரு துருக்கிக் குண்டுக்கு முன்னால் நிறுத்தியதைவிட வேறு வேலையில் பயன்படுத்தியிருந்தால் நாட்டுக்கு எவ்வளவோ பயன் என்று ராணுவ அமைப்பையே குறைசொன்னார். நியாயம் இருக்கிறது. அதே 1915ல் லாரன்ஸ் பிராக் என்ற இளைஞரை, எதிரிப் பீரங்கி எங்கிருக்கிறது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வேலையில் அதே ராணுவம் போட்டது. போர்முனையில் இருக்கும்போதே அவருக்கு நோபல் பரிசுச் செய்தி வந்தது. ஆனால் அவருடைய தம்பி ராபர்ட் கலிப்போலியில் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் இறந்திருந்தார்.

மோஸ்லியின் பெயரும் 1915ல் நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. பரிந்துரைத்தவர், நாம் எல்லோரும் படித்த அர்ரீனியஸ்தான். எக்ஸ் கதிர் நிறமாலை ஆய்வுக்கான பரிசு கடைசியில் 1924ஆம் ஆண்டுக்கு ஸ்வீடனின் சீக்பானுக்குப் போனது. இரண்டாம் உலகப்போர் வந்தபோது பிரிட்டன் பாடம் கற்றிருந்தது. விஞ்ஞானிகளைப் பதிவேட்டில் சேர்த்து, அவரவர் அறிவுக்கேற்ற வேலையில் அமர்த்தியது.

மாணவன் திரும்பி வந்தான்

2014ல் 1989ஆம் வருஷ செட்டின் வெள்ளிவிழா. மதியச் சாப்பாட்டுப் பந்தியில் விறைப்பான முதுகோடு ஒருவர் வந்து காலில் விழுந்தார். அந்த என்.சி.சி. பையன்தான்! ராணுவத்தில் அதிகாரியாகி, 1999 கார்கில் சண்டையில் இருந்துவிட்டு வந்தவர். பழைய வகுப்பை அவரே ஞாபகப்படுத்தினார்.

"சார், மோஸ்லி சாவு வீண்னு சொன்னீங்களே. நான் மேல ஏறும்போது என் பின்னாடி ரேடியோ செட்டைத் தூக்கிக்கிட்டு ஒரு பையன் வந்தான். பத்தாவது பெயில். பாட்டு நல்லாப் பாடுவான். அவன் திரும்பி வரல. அவன் ஒண்ணும் கண்டுபிடிக்கல சார். அப்ப அவன் சாவு மட்டும் நஷ்டமில்லையா?"

இலையில் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. அவரும் பதிலை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். "சாப்பிடுங்க சார்" என்றார்.

அன்றிலிருந்து மோஸ்லியைத் திரும்பவும் படித்தேன். இத்தனை வருஷமும் நான் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். ரூதர்ஃபோர்டு சொன்னது ராணுவ நிர்வாகத்துக்கு: ஆளுக்கேற்ற வேலையைக் கொடு. அது சரி. அதை நான் வகுப்பில் சொல்லும்போது, 'மற்றவர்கள் செத்தால் பரவாயில்லை' என்று மாணவன் காதில் விழுகிறபடி சொல்லிவிட்டேன். மோஸ்லி அப்படி நினைக்கவில்லை. எனக்கு மூளை இருக்கிறது, அதனால் நான் வீட்டில் இருக்கிறேன், நீ போ என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அந்த மனத்தை மதிக்கலாம். அதே சமயம், அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திய போரை மெச்ச வேண்டியதில்லை. 1916 ஜனவரியில் பிரிட்டிஷ் படை கலிப்போலியைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டது.

மோஸ்லிக்குக் கல்லறை கிடையாது. கலிப்போலியின் தெற்கு முனையில் ஹெல்லெஸ் என்ற இடத்தில் ஒரு நினைவுத் தூண். கல்லறை இல்லாத 20,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதில் ஒரு பெயர் மோஸ்லி. நம் நாட்டிலிருந்து போன சிப்பாய்களின் பெயர்களும் அங்கேதான். நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவரும் எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரே கல்லில்.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை அம்மாவோடு நகைக்கடைக்குப் போனால், தங்கத்தின் தரம் பார்க்கும் காரட் மீட்டரைக் கவனியுங்கள். நகைமேல் எக்ஸ் கதிரை விட்டு, திரும்பி வருகிற கதிரைப் பார்த்து இது தங்கம், இது செம்பு, இது வெள்ளி என்று சொல்கிறதே, அது மோஸ்லியின் விதிதான். பட்டு நூல் கட்டிய பொம்மை வண்டியில் ஆரம்பித்த வேலை.

துறைக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பாடத்தை நடத்தும்போது "வீணாப் போன சாவு" என்று முடித்துவிடாதீர்கள். ஐந்து நிமிஷம் கூட எடுத்துக்கொண்டு முழுக் கதையையும் சொல்லுங்கள். கடைசி பெஞ்சிலிருந்து யாராவது கேள்வி கேட்டால், பரீட்சைக்கு வராது என்று உட்காரவைக்காதீர்கள்.

கார்கிலிலிருந்து வந்த என் மாணவரே, பந்தியில் சொல்ல முடியாத பதில் இதுதான். அந்த ரேடியோ பையனின் சாவும் நஷ்டம்தான் அப்பா. மோஸ்லியின் நஷ்டத்துக்கு ஒரு பைசாவும் குறையாத நஷ்டம். இந்த மலர் உங்கள் கைக்கு வரும் என்று நம்புகிறேன். அடுத்த சந்திப்பில் அந்தப் பையன் பாடிய பாட்டு எது என்று எனக்குச் சொல்ல வேண்டும்.